கோரைக்காட்டுக்கு ஒரு சைக்கிள்

ஜனவரி 3, புதன்

புதன்கிழமை என்றால் கோரைக்காடு. பதினொரு வருடமாக அப்படித்தான். இன்று யாரும் போகவில்லை.

முதலாளி நடேசன் காலையில் லேப்புக்கு வந்ததும் வராததுமாகச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் கோரைக்காட்டின் மேல் சிவப்பு ஸ்கெட்ச்சால் ஒரு கோடு இழுத்தார். அறுபத்தெட்டு வீட்டுக்கு அதோடு முடிந்தது. சர்க்கரை, பிரஷர், கிட்னி என்று மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டியவர்கள் மட்டும் அங்கே முப்பது பேர் இருக்கிறார்கள். இனி அவர்கள் கோபி டவுனுக்கு வந்துதான் கொடுக்க வேண்டும். வர மாட்டார்கள். நவம்பர் மழையில் பாலம் போனதிலிருந்து பஸ்ஸும் இல்லை.

"யாரு போவாங்க சாரதா? சுத்திப் போனா முப்பத்து நாலு கிலோமீட்டர். வாய்க்கா கரையில போனா பதினாலு. அந்தக் கரையில நம்ம சாம்பிள் எடுக்கற பையன் கோகுல் பைக்குல கொண்டாந்த ரத்த டியூப் பூராவும் செவந்து போச்சுன்னு நீதான சொன்ன?"

"நான் போறேனுங்க."

அவர் என் காலைப் பார்த்தார். உடனே காலண்டரைப் பார்த்தார். இருபது வருடமாக இதைத்தான் செய்கிறார், இன்னும் பழகவில்லை.

"உன்ற ஸ்கூட்டர் அந்தத் தூணுக்குள்ள பூராதேம்மா."

உண்மைதான். லாரி போகக் கூடாது என்று வாய்க்கால் கரையில் இரண்டு இரும்புத் தூண் நட்டிருக்கிறார்கள். பைக் போகும், சைக்கிள் போகும். என் ஸ்கூட்டருக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சக்கரம் அதிகம்.

"சைக்கிள்ல போறேன்."

சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நவம்பர் பதினைந்தாம் தேதி ரிப்போர்ட்டைப் பற்றி இந்த டைரியில் எழுதுவதாக இல்லை.


ஜனவரி 4

பால் திரிந்துவிட்டது. துணி ஊற வைத்தேன். அண்ணனிடம் சைக்கிள் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏ புள்ள, உனக்கென்ன கெரகமா? நாப்பத்து நாலு வயசுல சைக்கிளாமா! வுழுந்து தொலைச்சீன்னா யாரு பாக்கறது?"

"நீதான்," என்றேன்.

அண்ணி அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். அண்ணன் மாட்டுக்குத் தீவனம் போடப் போய்விட்டார்.


ஜனவரி 6

ஜபருல்லா சைக்கிள் கடை. என் வயதுதான் இருக்கும் அவருக்கு. கொரோனா சமயத்தில் அவர் மனைவிக்கு நான்தான் வீட்டுக்குப் போய் ரத்தம் எடுத்தேன். அதனால் நான் என்ன கேட்டாலும் முதலில் டீ வரும், அப்புறம்தான் மறுப்பு வரும்.

"எட்டு கிலோமீட்டர் தார் ரோடு, ஆறு கிலோமீட்டர் ஜல்லி. ரெண்டுலயும் ஓடோணும். ரத்தம் குலுங்கப்படாது. வெலையும் கூடப்படாது."

"ஏனுங்க சிஸ்டர், தார் ரோட்டுக்கு ஒல்லி டயர் வேணும். ஜல்லிக்குத் தடி டயர் வேணும். ரெண்டும் ஒரே சைக்கிள்ல தெகயாதுங்க. கோயமுத்தூர் ஷோரூம்ல அப்பிடி ஒண்ணு வெச்சிருக்கான். பாத்துட்டு வேணா வாங்க."

அதைப் போனில் காட்டினார். அந்த விலைக்கு அண்ணன் கறவை மாடும் கன்றுமாகப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். நாமே செய்வோம் என்றேன்.

குலுங்கினால் ரத்தத்துக்கு என்ன ஆகும் என்று கேட்டார். "செவப்பணு ஒடைஞ்சிருமுங்க. மெஷின்ல போட்டுச் சுத்துனா மேல நிக்கிற சீரம் எண்ணெயாட்ட மஞ்சளா இருக்கோணும். ஒடைஞ்சதுன்னா செவப்பா நிக்கும். அணுவுக்குள்ள இருக்கிற பொட்டாசியம் பூராவும் வெளிய வந்து நம்பரை ஏத்திக் காட்டும். அந்த நம்பரை நம்ப முடியாது."

"அங்கயே சுத்திக் கொண்டாந்தா?"

"அதுக்கு இன்னொரு மெஷின் வேணும். எங்க முதலாளி ஒண்ணுக்கே மூக்கால அழுவாரு."

கடைப் பின்புறம் குவிந்து கிடந்ததில் ஒரு லேடீஸ் சைக்கிள் பிரேமை இழுத்துப் போட்டார். துருதான், ஆனால் ஒட்டுப் போட்ட இடம் எதுவும் இல்லை. குறுக்குக் கம்பி தாழ்வாக இருப்பதால் என்னால் ஏற முடியும். அதை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.


ஜனவரி 9

முட்டாள்தனம் என்னுடையது. பிரேமோடு வந்த ரிம்மில் இருபத்தாறு என்று அடித்திருந்தது. ஈரோடு போன அண்ணனிடம் சொல்லி நல்ல தடி டயர் இரண்டு வாங்கிவரச் சொன்னேன், இருபத்தாறு. மாட்டினால் டயர் ரிம்மின் மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. நான் அரை மணி நேரம் ஸ்பேனர் வைத்து நெம்பி ஒரு நகத்தை உடைத்துக்கொண்ட பிறகுதான் ஜபருல்லா வாயைத் திறந்தார்.

"லேடீஸ் சைக்கிள் இருபத்தாறு வேற, கியர் சைக்கிள் இருபத்தாறு வேற சிஸ்டர். இது ஒரு அங்குலத்துக்கு மேல சின்னது."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்க சொல்ல விட்டீங்க?"

டயரைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்றேன். டயருக்கு ஏற்ற ரிம்மைப் போடுவோம். போட்டால் ரிம் உள்ளே போய்விடும், பிரேக் கட்டை எட்டாது என்றார். பிரேக்கை எட்ட வைப்போம் என்றேன். ஜபருல்லா தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் பழைய கியர் சைக்கிள் ஒன்றின் முன் போர்க்கை எடுத்து அளக்க ஆரம்பித்துவிட்டார்.


ஜனவரி 10, புதன்

இன்றும் யாரும் போகவில்லை.


ஜனவரி 16, மாட்டுப் பொங்கல்

அண்ணன் காலையிலிருந்து கொம்புக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். இந்த வருடம் நீலம். ஐந்து மாட்டுக்கும் பூசி, பாதி டப்பா மிச்சம். அதை எடுத்துக்கொண்டு போய் சைக்கிள் பிரேமுக்கு அடித்தேன். உப்புத்தாள் போட்டுத் துருவை எடுக்கவே மதியம் ஆகிவிட்டது.

அண்ணன் பார்த்தார். "கொம்புப் பெயின்ட்டு இரும்புல நிக்காது."

"மாடு முட்டி முட்டித் தேய்க்குதே, அதுலயே நிக்குது."

சிறிது நேரம் கழித்து மணி கட்டும் சிவப்புக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து ஹேண்டில்பாரில் கட்டிவிட்டுப் போனார். நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அவிழ்த்துவிடுவார்.


ஜனவரி 20

பின் பிரேக் எட்டிவிட்டது. பட்டறையில் பிரேக் மாட்டப் பிரேமில் இரண்டு குமிழ் வைத்துப் பற்றவைத்தார்கள். பற்றவைத்த இடத்தில் நீலம் கருகிவிட்டது, பரவாயில்லை.

வலது பெடல் விஷயம். பெடலைத் தாங்கும் வலது கிராங்க்கை வெட்டி நாலு அங்குலமாக்க வேண்டும் என்றேன். எதற்கு என்று பட்டறைக்காரர் கேட்டார். வட்டம் சின்னதாக இருந்தால் கால் அதிகம் மடங்க வேண்டாம் என்றேன். எந்தக் கால் என்றார். அவருக்குத் தெரியாமல் இல்லை. நான் உள்ளே நடந்து வந்ததை எல்லாரும்தான் பார்த்தார்கள்.

சரி, எழுதிவிடுகிறேன். போலியோ. ஒன்றரை வயதில். இடுப்பிலிருந்து பாதம் வரை இரும்புக் கேலிப்பர். முட்டியில் ஒரு பூட்டு இருக்கிறது. பூட்டினால் கால் நேராக நிற்கும், திறந்தால் மடங்கும். சைக்கிள் மிதிக்கத் திறக்க வேண்டும், இறங்குவதற்கு முன் பூட்ட வேண்டும். இடது கால் மிதிக்கும், வலது கால் கூடவே சுற்றி வரும். எட்டாவது படிக்கும்போது அண்ணன் சைக்கிளைத் தோட்டத்து வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியில் இப்படித்தான் ஓட்டினேன். யாரும் பார்க்காத நேரத்தில்.

எழுதியாயிற்று. இனி சைக்கிளைப் பற்றி.


ஜனவரி 21, ஞாயிறு

இடது பாதம் பெடலோடு ஒட்டி இருந்தால்தான் மிதிப்பதோடு மேலே இழுக்கவும் முடியும். லேப்பில் கிழிந்துபோன பிரஷர் பார்க்கும் பட்டை ஒன்று இருந்தது. அதில் ஒட்டும் பகுதியை வெட்டி இரண்டு பெடலுக்கும் தைத்தேன். ஜபருல்லா கடைத்தெரு முழுக்க இதைச் சொல்லிவிட்டார்.


ஜனவரி 23

விழுந்தேன். ஓட்டும்போது இல்லை, நிறுத்தும்போது. பூட்டுப் போட மறந்து காலை ஊன்றினேன். முழங்கை, தாடை. பள்ளி மைதானத்தில் நடை பழகிக்கொண்டிருந்த நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். ஒரு பெரியவர் "இதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா" என்றார். இன்னும் மூன்று சுற்று சுற்றினேன், அவர் எதிரிலேயே.


ஜனவரி 24, புதன்

இன்று ஐந்து முறை ஏறி இறங்கினேன். கை வைக்கும் வரிசை: பிரேக், பூட்டு, கால். பிரேக், பூட்டு, கால். குழம்பு தாளிக்கும்போதும் வாய் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. ரசத்துக்கு உப்பு இரண்டு முறை போட்டுவிட்டேன்.


ஜனவரி 28, ஞாயிறு

முதல் சோதனை. யார் ரத்தத்தை வைத்துச் சோதிப்பது? என் ரத்தம்தான். காலையில் இடது கையில் நானே ஊசி போட்டு இரண்டு டியூப் எடுத்தேன். ஒன்றை லேப்பிலேயே நிற்க வைத்தேன். இன்னொன்றை ஐஸ் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கேரியரில் இறுகக் கட்டி, வாய்க்கால் கரை வரை போய்வந்தேன்.

தார் ரோட்டில் வெண்ணெய் மாதிரி ஓடியது. ஜல்லி தொடங்கியதும் பல் கடகடவென்று ஆடியது. தூணைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போகிறது. விழுந்தால் கேலிப்பரோடு நீந்த முடியாது என்பது எனக்கே தெரியும், அண்ணன் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பி வந்து மெஷினில் போட்டுச் சுற்றினேன். லேப்பில் நின்றது மஞ்சள். சைக்கிளில் வந்தது ரோஜாப்பூ பன்னீர் சோடா. கொட்டினேன்.


பிப்ரவரி 4, ஞாயிறு

காற்றுதான் பிரச்சினை. டயர் தடியாக இருந்து என்ன பயன், கல்லாட்டம் காற்றடித்தால்? ஜபருல்லாவுக்கு இது முன்பே தெரியும். ஆனால் காற்றைக் குறைத்தால் தார் ரோட்டில் மிதிக்க ரெண்டு கால் வேண்டும் என்று நினைத்து... சொல்லி முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

"ரெண்டு காத்து வெச்சுக்குவோம்," என்றேன்.

தார் ரோட்டுக்குக் கெட்டிக் காற்று. ஜல்லி தொடங்கும் இடத்தில் வால்வை அமுக்கிப் பதினைந்து எண்ணினால் கட்டை விரல் அமுங்கும் அளவுக்கு இறங்குகிறது. திரும்பி வரும்போது கைப்பம்பால் நாற்பது குத்து. முன் சக்கரத்துக்கு நாற்பது, பின் சக்கரத்துக்கு ஐம்பது. ஷோரூம்காரன் மாடும் கன்றும் விலைக்கு விற்கிற வேலை இது, எனக்கு ஒரு பம்ப் போதும்.

இன்று எடுத்தது வலது கையில். முடிவு: வெளிறிய ரோஸ். இன்னும் போதாது.


பிப்ரவரி 5

முதலாளி கையைப் பார்த்துவிட்டார். இரண்டு கையிலும் ஊசி போட்ட இடம் கன்றிப் போயிருக்கிறது.

"என்ன பண்ணீட்டு இருக்கற சாரதா?"

"சைக்கிள் செய்யறேனுங்க."

"அது யாரு தப்பும் இல்ல. யாரா இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பாங்க."

நான் சைக்கிளைப் பற்றிப் பேசினேன். அவர் எதைப் பற்றிப் பேசினார் என்று எனக்குத் தெரியும். எனக்கு ஆறுதல் வேண்டாம். கோபமாக வந்தது, பாத்ரூமில் போய் முகம் கழுவினேன்.


பிப்ரவரி 7, புதன்

பெட்டியைக் கேரியரோடு கட்டுவதுதான் தப்பு. கல் டயரை அடிக்கிறது, டயர் கேரியரை, கேரியர் ரத்த டியூப்பை. பெட்டியைத் தொங்க விட வேண்டும். கேரியர் மேல் ஒரு இரும்புச் சட்டம் நிறுத்தி, பழைய சைக்கிள் டியூப்பை நாடா நாடாவாகக் கிழித்து, பெட்டியை நாலு மூலையிலும் தூளி மாதிரிக் கட்டினோம். தட்டிப் பார்த்தால் ஆடி ஆடி நிற்கிறது. ஜபருல்லா தம் போனைப் பெட்டி மேல் கட்டி, வீடியோ எடுத்தபடி கடையைச் சுற்றி ஓட்டினார். படத்தில் கேரியர் ஆடுகிறது, ரோடு ஆடவில்லை.


பிப்ரவரி 11, ஞாயிறு

மஞ்சள்.

முழு தூரம். கோரைக்காட்டுப் பிள்ளையார் கோயில் வரை போய்த் திரும்பினேன். ஊருக்குள் நுழையவில்லை. போக ஒரு மணி இருபது நிமிடம், வர ஒரு மணி இருபத்தைந்து. இடது தொடை கழன்று விழுகிற மாதிரி இருக்கிறது. இரண்டு டியூப்பையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எது ஊர் சுற்றியது, எது சும்மா நின்றது என்று எனக்கே தெரியவில்லை. லேபிளைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம்தான் என்று எழுதிவைக்கிறேன்.


பிப்ரவரி 12

முதலாளியிடம் இரண்டு டியூப்பையும் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கீழே போய் சைக்கிளையும் ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார். நீல பிரேம், கறுப்பு போர்க், ஆளுக்கொரு நீளத்தில் கிராங்க், டியூப் தூளி.

"பாக்கறதுக்கு வண்டியாட்டவே இல்லியே."

"நம்பர் வந்தாப் போதுமுங்க."

"சரி. ஒரு மாசம். ஒரு டியூப் செவந்து வந்தாலும் ரூட்டை மூடிருவேன். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கப்படாது."

அட்டவணையில் அவர் போட்ட சிவப்புக் கோடு அழியாது. அதற்குக் கீழே கோரைக்காடு என்று மறுபடி நானே எழுதினேன், அவருடைய ஸ்கெட்ச்சாலேயே.


பிப்ரவரி 14, புதன்

ஐந்தே காலுக்குக் கிளம்பினேன். தூண் தாண்டி வால்வை அமுக்கிப் பதினைந்து எண்ணும்போது விடிந்துவிட்டது. பதினொரு பேர் கொடுத்தார்கள். கோயில் மேடையில் உட்கார வைத்து எடுத்தேன். ஒரு கிழவர் ரத்தம் கொடுத்ததைவிட சைக்கிளின் குட்டைக் கிராங்க்கைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

பதினொன்றும் மஞ்சள்.

மயிலாத்தாள் வீட்டுக் கதவையும் தட்டினேன். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உள்ளவர். அக்டோபருக்குப் பிறகு அவர் பெயரில் எதுவும் பார்க்கவில்லை. கதவைப் பாதி திறந்தார்.

"லேப்பா? வேண்டாமுங்க அம்மிணி."

சாத்திவிட்டார்.

நவம்பர் பதினைந்து. இனி எழுதாமல் முடியாது. அன்று கோகுல் கொண்டுவந்த பதினாலு டியூப்பும் சிவப்பு. அதில் ஒன்று சின்னுசாமி, மயிலாத்தாளின் வீட்டுக்காரர். ஐந்துக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் 6.9. அந்த அளவு உண்மையாக இருந்தால் இருதயம் எந்த நிமிடமும் நின்றுவிடும், ஓடிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். நான் டியூப்பைப் பார்த்தேன். சிவப்பு. குலுங்கி வந்ததால் ஏறிக் காட்டுகிறது என்று நினைத்தேன். 'மாதிரி சிதைந்துள்ளது, மறுபடி எடுக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுபடி எடுக்க வேண்டியது அடுத்த புதன். அவர் ஞாயிற்றுக்கிழமை இருதயம் நின்று இறந்தார்.

எல்லா லேப்பிலும் அப்படித்தான் எழுதுவார்கள். அதனால் என்ன?


பிப்ரவரி 21, புதன்

ஒன்பது பேர். ஒன்பதும் மஞ்சள். திரும்பும்போது பஞ்சர். கருவேல முள். வாய்க்கால் கரையில் உட்கார்ந்து நானே ஒட்டினேன். பைக்கில் போன ஒருவர் நிறுத்தி, பெட்டியை மட்டும் தான் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். நல்ல மனசு. பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு வேண்டாம் என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

மயிலாத்தாள் குழாயடியில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.


பிப்ரவரி 25, ஞாயிறு

அண்ணன் எனக்குத் தெரியாமல் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டிருக்கிறார். தேங்காய் எண்ணெய். மண் எல்லாம் ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினேன். அவர் தோட்டத்தில் இருந்த நேரமாகப் பார்த்து.


பிப்ரவரி 28, புதன்

எல்லாரிடமும் எடுத்து முடித்தபின் மயிலாத்தாள் வீட்டுக்குப் போனேன். வாசலில் சோளம் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சைக்கிளிலிருந்து இறங்கவில்லை. இறங்கினால் உட்காரச் சொல்வார், உட்கார்ந்தால் சொல்ல முடியாது.

"அன்னைக்கு என்னங்க சொன்னாங்க உங்ககிட்ட?" என்று கேட்டேன்.

"அடுத்த வாரம் மறுக்கா எடுக்கோணும்னு அந்தத் தம்பி சொல்லீட்டுப் போச்சு. அடுத்த வாரத்துக்கு ஆளு இல்ல." சோளத்தைக் கையால் பரப்பினார். "அதுக்கப்புறம் எடுத்து என்ன ஆகப் போகுதுங்க அம்மிணி?"

"அந்தச் சீட்டு எழுதுனது நானுங்க."

கை நின்றது.

"நம்பர் ஏறித்தான் வந்துச்சு. வழியில குலுங்குனதால ஏறிக் காட்டுதுன்னு நெனச்சேன். நெசமாவே ஏறியிருந்துச்சு. நாந்தான் நம்பல."

ஒரு கோழி சோளத்தில் ஏறியது, அதை விரட்டக்கூட இல்லை. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"குலுங்காம வந்திருந்தா?"

"அப்பவே போன் பண்ணியிருப்பேன்."

எழுந்து வந்தார். சைக்கிளைப் பார்த்தார். முன் டயரைக் கட்டை விரலால் அமுக்கினார். தூளியில் தொங்கிய பெட்டியை ஒரு விரலால் தள்ளினார், அது ஆடி நின்றது. கடைசியில் என் காலைப் பார்த்தார், முதலாளி மாதிரி காலண்டரைத் தேடவில்லை.

"இந்தக் காலை வெச்சுக்கிட்டு இத்தனை தூரம் மிதிச்சா வர்றீங்க?"

"ஆமாங்க."

"வெசனத்துக்கா?"

மனசு உறுத்தியா என்று கேட்கிறார். இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை.

"ஆமாங்க."

"வெசனத்துக்குன்னா வராதீங்க. சோலின்னா வாங்க." உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு எரிச்சல். நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க சைக்கிள் செய்யவில்லை. பிறகு எதற்குச் செய்தேன் என்று தூண் வரைக்கும் யோசித்தேன். பம்பை எடுத்து நாற்பது குத்தினேன், ஐம்பது குத்தினேன். சோலிக்குத்தான். அடுத்த புதனும் சோலிக்குத்தான் போவேன்.


மார்ச் 6, புதன்

கோயில் மேடையில் முதல் ஆளாக மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தார். கையை நீட்டிக்கொண்டு.

"சோறு திங்காம வந்திருக்கேன். சீக்கிரம் எடுங்க."

ரெண்டு வாரமாகக் கால் அசதி, நடந்தால் மூச்சு வாங்குகிறது என்றார். கோடை வந்ததால் என்றார். நரம்பு லேசில் கிடைக்கவில்லை, ஆனாலும் முதல் குத்திலேயே வந்தது. ரத்தம் உறையும்வரை டியூப்பைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்திருந்துவிட்டுப் பெட்டியில் வைத்தேன். ஜல்லியில் இவ்வளவு பொறுமையாக நான் மிதித்ததே இல்லை.

ஒன்பதே காலுக்கு லேப். மெஷினில் போட்டு எடுத்தால் மஞ்சள், சுத்த மஞ்சள். பொட்டாசியம் பார்க்கும் மெஷினில் வைத்தேன்.

6.6.

மறுபடி வைத்தேன். 6.6.

முதலாளி பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். பழக்கம் விடுமா? "ஏறியிருக்கே. எதுக்கும் மறுபடி எடுத்துரலாம் சாரதா."

டியூப்பைக் கையில் எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"பாருங்க. நல்லாப் பாருங்க. எங்கீங்க செவப்பு?"

பார்த்தார். அவரே போனை எடுத்து என்னிடம் கொடுத்தார். கோரைக்காட்டுக் கடைக்காரருக்கு அடித்தேன், மயிலாத்தாளை எங்கும் நடக்க விடாதீர்கள் என்றேன். ஆம்புலன்சுக்கு அடித்தேன். சுற்றுவழி முப்பத்து நாலு கிலோமீட்டர் என்று வழி சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு அடித்தேன். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார்கள், அதையும் காலையிலேயே குறித்து வைத்திருந்தேன்.

ரிப்போர்ட்டில் குறிப்பு எழுதும் கட்டம் ஒன்று இருக்கிறது. அதில் எழுதினேன்: 'மாதிரி நன்றாக உள்ளது. எண் சரியானது. உடனடி.' கையெழுத்துப் போட்டேன்.

பன்னிரண்டரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். அவர்கள் தனியாக எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 6.7. மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம்.


மார்ச் 7

சின்னுசாமி ரிப்போர்ட் நகலைப் பீரோவிலிருந்து எடுத்து, நேற்றைய ரிப்போர்ட் நகலோடு சேர்த்து வைத்தேன். இரண்டும் என் கையெழுத்து. ஒன்று இன்னொன்றை அழிக்காது, அது எனக்குத் தெரியும். சேர்த்தே இருக்கட்டும்.


மார்ச் 12, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். மயிலாத்தாள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பத்திய சாப்பாட்டைத் திட்டிக்கொண்டிருந்தார். மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். நாளை மறுநாள் வீட்டுக்கு விடுகிறார்கள். இனி மாதம் இரண்டு முறை ரத்தம் பார்க்க வேண்டும்.

"நீங்கதான வருவீங்க?"

"நாந்தான்."

"அப்பறம், அந்த வண்டிக்கு ஒரு பெல்லு வெச்சாத்தான் என்னங்க அம்மிணி? பூனையாட்ட வந்து நிக்கறீங்க. வர்றது தெரிஞ்சாத்தான அடுப்பை அணைச்சுட்டு வருவோம்?"

முதலாளி ரூட்டைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஒரு மாதம் நாளையோடு முடிகிறது. சாயங்காலம் நான் கிளம்பும்போது மட்டும் கேட்டார், "அந்த டயர் எத்தனை மாசம் வரும்?"


மார்ச் 13, புதன்

நேற்றே ஜபருல்லா கடையில் பெல் வாங்கிப் பொருத்தினேன். இருப்பதிலேயே சத்தமான பித்தளை பெல், பழைய பால்காரர் சைக்கிளில் இருந்தது. அதை வைக்க அண்ணன் கட்டிய சிவப்புக் கயிற்றைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது, அவிழ்க்கவில்லை.

இப்போது மணி ஐந்து. கெட்டிக் காற்று, பெட்டி, ஐஸ், ஊசி, பம்ப். எல்லாம் இருக்கிறது. தூணுக்கு நூறு அடி முன்னாலிருந்தே அடிக்கத் தொடங்கப் போகிறேன். கரை முழுக்கக் கேட்கட்டும்.